பை பார்த்துக்கொள்கிறவள்

"மே மாசம் பாப்பாவத் தீம் பார்க் கூட்டிட்டுப் போறோம்" என்று என் இணையர் அறிவித்தது மார்ச் மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், மதியச் சாப்பாட்டின்போது. அதைச் சொல்ல அவருக்கு மூன்று விநாடி ஆகியிருக்கும். பாப்பா கைதட்டினாள். "நானும் வர்றேம்ப்பா, அந்தப் பக்கமே பாத்ததில்ல" என்றார் அத்தை. ரசம் ஊற்றிக்கொண்டிருந்த என் தலைக்குள் அந்த நொடியில் ஒரு கணக்கு ஓடத் தொடங்கியது. அது ஓடி முடிய எழுபது நாள் ஆயிற்று.

மூன்று விநாடிக்கும் எழுபது நாளுக்கும் நடுவில் இருப்பதைப் பற்றித்தான் இங்கே பேச வேண்டும். ஒருவர் அறிவிக்கிறார். இன்னொருவர் அதை நடக்க வைக்கிறார். அறிவித்தவருக்கு 'பிள்ளைக்காக நேரம் ஒதுக்கும் அப்பா' என்ற பெயர் கிடைக்கிறது. நடக்க வைத்தவளுக்கு 'எதுக்கெடுத்தாலும் டென்ஷன் ஆகிறவள்' என்ற பெயர் கிடைக்கிறது.

அந்தக் கணக்கில் என்னவெல்லாம் இருந்தது என்று சொல்கிறேன். பாப்பாவுக்கு அப்போது நாலே முக்கால் வயது. ஐந்து வயதுக்குக் கீழே ரயிலில் டிக்கெட் வேண்டாம். டிக்கெட் இல்லையென்றால் படுக்கையும் இல்லை. ஆகவே திருச்சியிலிருந்து சென்னைக்கு மலைக்கோட்டை எக்ஸ்பிரஸில் ஓர் இரவு முழுக்க அவள் யாரோடு படுப்பாள் என்பது கேள்வி. யாரும் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. பதில் எல்லோருக்கும் தெரியும். முன்பதிவு அறுபது நாளுக்கு முன் காலை எட்டு மணிக்குத் திறக்கும். அன்று எனக்குக் கல்லூரியில் தேர்வுப் பணி. அத்தைக்கு முழங்கால் வலி, கீழ்ப் படுக்கை வேண்டும். பூங்காவில் கட்டணம் வயதை வைத்து அல்ல, உயரத்தை வைத்து. சமையலறைச் சுவரோடு பாப்பாவை நிற்கவைத்துப் பென்சிலால் கோடு போட்டேன். 104 செ.மீ. பெரிய ராட்டினங்கள் எதிலும் ஏற்றமாட்டார்கள். விளம்பரத்தில் அவள் பார்த்து மயங்கிய அந்தத் தலைகீழ் வண்டியில் அவள் ஏற முடியாது என்பதை அவளுக்குப் பதினைந்து நாளாகச் சிறிது சிறிதாகச் சொல்லிப் பழக்க வேண்டும். இல்லையென்றால் அந்த அழுகை பூங்கா வாசலில் வரும்.

இன்னும் இருக்கிறது. கத்திரி வெயில். மதியத் தூக்கம் தவறினால் நான்கு மணிக்கு வரும் ஆர்ப்பாட்டம். வெளிச் சாப்பாடு உள்ளே கொண்டுபோகக் கூடாது, ஆனால் இவள் தயிர்சாதம் தவிர எதையும் தொடமாட்டாள். குழந்தை உணவுக்கு விலக்கு உண்டா என்று போன் செய்து கேட்க வேண்டும். தண்ணீர் விளையாட்டுக்கு நைலான் உடைதான், பருத்திக்கு அனுமதியில்லை. அத்தை சேலையோடு தண்ணீரில் இறங்க முடியாது என்பதை அத்தையிடம் யார் சொல்வது? காய்ச்சல் மருந்து, உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலம், லாட்ஜ் மெத்தை நனையாமலிருக்க ரப்பர் ஷீட், தெரியாத கழிப்பறையில் உட்காரமாட்டேன் என்று அடம்பிடிக்கும் பிள்ளைக்கு ஒரு கதை. அந்தக் கதையையும் நான்தான் கட்ட வேண்டும். கவிதை எழுதுகிறவள்தானே!

இதில் எதுவும் பெரிய வேலை இல்லை. அதுதான் இதன் தந்திரம். தனித்தனியாக எடுத்தால் ஒவ்வொன்றும் சிரிப்புக்குரிய சின்ன விஷயம். "இதுக்கெல்லாமா கவலைப்படுவ?" என்று கேட்டுவிடலாம். ஆனால் எழுபது நாளும் இவை ஒன்றாக என் தலைக்குள் இருந்தன. விடைத்தாள் திருத்தும்போதும், பாடம் நடத்தும்போதும் இருந்தன. அந்த எழுபது நாளில் நான் ஒரு கவிதைகூட எழுதவில்லை.

இந்திய அரசின் தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2019இல் நாடு முழுவதும் நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு ஒன்றை நடத்தியது. சம்பளமில்லாத வீட்டுவேலையில் ஈடுபட்ட பெண்கள் அதற்கு ஒரு நாளில் சராசரியாக 299 நிமிடம் செலவிட்டார்கள்; ஈடுபட்ட ஆண்கள் 97 நிமிடம். வீட்டிலிருப்பவர்களைப் பராமரிப்பதில் பெண்கள் 134 நிமிடம், ஆண்கள் 76 நிமிடம். இந்த எண்களைப் பெண்ணியக் கூட்டங்களில் நானும் அடிக்கடி சொல்லியிருக்கிறேன். ஆனால் அந்தக் கணக்கெடுப்பு, முந்தைய நாளை அரைமணிக் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்திலும் என்ன செய்தீர்கள் என்று கேட்பது. நான் தேர்வறையில் நடந்துகொண்டே ரப்பர் ஷீட்டைப் பற்றி யோசித்தது எந்தக் கட்டத்தில் வரும்? அந்தக் கட்டத்தில் 'சம்பள வேலை' என்றுதான் எழுதுவார்கள். 299 நிமிடம் என்பது கையால் செய்த வேலையின் கணக்கு. தலையால் செய்ததற்கு இன்னும் கட்டம் போடவில்லை.

அமெரிக்கச் சமூகவியலாளர் ஆலிசன் டாமிங்கர் 2019இல் வெளியிட்ட ஆய்வு இந்தத் தலைவேலையை நான்காகப் பிரிக்கிறது. தேவை வரப்போவதை முன்கூட்டியே உணர்வது, அதற்கான வழிகளைத் தேடுவது, முடிவெடுப்பது, எடுத்த முடிவு நடக்கிறதா என்று கண்காணிப்பது. அவர் பேட்டி கண்ட தம்பதியரில் முதல் வேலையும் கடைசி வேலையும் பெரும்பாலும் பெண்கள் தலையில் இருந்தன. இருவரும் ஓரளவு சேர்ந்து செய்தது முடிவெடுப்பது மட்டும். படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. எங்கள் வீட்டுக்கு வந்து பார்த்தது போல இருந்தது. ஐந்து லாட்ஜுகளைத் தேடி, கட்டணம் விசாரித்து, குழந்தைக்குச் சுடுதண்ணீர் வருமா என்று கேட்டு, இரண்டாகச் சுருக்கி நான் நீட்டுவேன். அவர் ஒன்றின்மேல் விரலை வைப்பார். பிறகு, "ரெண்டு பேரும் சேர்ந்துதான் பிளான் பண்ணோம்" என்று நண்பர்களிடம் சொல்வார். அது பொய்யும் இல்லை. அவர் வந்தது அதிகாரம் இருக்கிற படிக்கு மட்டும்.

தீம் பார்க் பிறந்த கதையே இதைத்தான் சொல்கிறது. வால்ட் டிஸ்னி தன் இரண்டு மகள்களையும் லாஸ் ஏஞ்சலிஸின் கிரிஃபித் பூங்காவுக்குக் கூட்டிப்போவாராம். பிள்ளைகள் குடைராட்டினத்தில் சுற்ற, அவர் பெஞ்சில் உட்கார்ந்து வேர்க்கடலை தின்றுகொண்டிருப்பார். பிள்ளைகளும் பெற்றோரும் சேர்ந்து மகிழ ஓர் இடம் வேண்டும் என்று அங்கேதான் தோன்றியதாக அவரே சொல்லியிருக்கிறார். சனிக்கிழமை 'அப்பா நாள்' என்பதையும் அவரே சொல்லியிருக்கிறார். அனாஹைமில் 160 ஏக்கர் ஆரஞ்சுத் தோப்பு வாங்கப்பட்டது. 1955 ஜூலை 17இல் டிஸ்னிலாண்ட் திறக்கப்பட்டது.

அந்தச் சனிக்கிழமைகளில் இரண்டு பிள்ளைகளுக்கும் தலைசீவி, காலுறை மாட்டி, வழியில் பசிக்காமல் ஏதாவது கொடுத்து அனுப்பியவர் யார் என்று அந்தக் கதையில் இல்லை. மற்ற ஆறு நாளுக்குப் பெயர் வைக்கவும் யாருக்கும் தோன்றவில்லை. வாரத்தில் ஒருநாள் பெஞ்சில் உட்கார்ந்து அலுத்துப்போன ஓர் ஆணின் அலுப்பு உலகத்தையே மாற்றும் யோசனையாகிறது. அதற்கு நிலமும் முதலீடும் கிடைக்கின்றன. தலைமுறை தலைமுறையாகப் பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் பெண்களின் அலுப்புக்கு 'பொறுமை' என்று பெயர்.

உடம்பைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கணக்கு முடியாது. பயணத் தேதி முடிவானதும் அவர் அலுவலக விடுப்பைப் பார்த்தார். நான் மாதவிடாய்த் தேதியைப் பார்த்தேன். பயணம் முடிந்து நான்கு நாள் கழித்துத்தான் வர வேண்டும். நாற்பதைத் தாண்டிய உடம்பு தேதி சொல்லி வருவதில்லை. "எதுக்கும் அந்த மாத்திரையப் போட்டுக்கயேன்" என்றார் அம்மா. கோயில் திருவிழாவுக்கும் கல்யாணத்துக்கும் வீட்டு விசேஷத்துக்கும் மருந்துக்கடையில் சீட்டில்லாமலே வாங்கி விழுங்குகிறோமே, அதே நோரெதிஸ்டிரோன். எனக்கு இரத்த அழுத்தம் உண்டு. மருத்துவர் வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார். போடவில்லை. ஆனால் போடலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். முன்பு சாமிக்காகத் தள்ளிப்போட்டோம். இப்போது நீச்சல் குளத்துக்காகத் தள்ளிப்போடுகிறோம்.

மே மாதம் போனோம். நாத்தனார் குடும்பமும் சேர்ந்துகொண்டது. எந்தப் பூங்கா என்பது இங்கே முக்கியமில்லை. எல்லாப் பூங்காவிலும் இது நடக்கும். காலை பத்து மணியிலிருந்து மதியம்வரை நான் எதிலும் ஏறவில்லை. ஏழு பேருடைய செருப்பு, போன், மூக்குக் கண்ணாடி, மாற்றுத்துணி, அத்தையின் வளையல் எல்லாம் என் மடியில். "அண்ணி, இதையும் கொஞ்சம் வச்சுக்கங்க" என்று வந்துகொண்டே இருந்தது. லாக்கர் இருந்தது. "அண்ணி இருக்கும்போது எதுக்குக் காசு குடுத்துக்கிட்டு?"

பதினெட்டு வருடமாக அகத்திணை நடத்துகிறேன். பாலைக்கு உரிப்பொருள் பிரிதல், முல்லைக்கு உரிப்பொருள் இருத்தல். அவன் போவான், அவள் இருப்பாள். இருத்தலில் எத்தனை நயம் என்று மாணவர்களுக்கு எடுத்துக்காட்டியிருக்கிறேன். அந்தப் பெஞ்சில் பைகளோடு உட்கார்ந்திருந்தபோது ஒரு நயமும் தெரியவில்லை. தொண்ணூறுகளில் பள்ளிச் சுற்றுலாவில் வி.ஜி.பி.யில் சிலை மனிதரைப் பார்த்தது நினைவுக்கு வந்தது. நாங்கள் என்ன சேட்டை செய்தாலும் அசையாமல் நின்றார். அவருக்காவது அதற்குச் சம்பளம் உண்டு.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அடிவயிறு இழுத்தது. தேதி பொய்த்துவிட்டது. "பாத்ரூம் போறேன், பாப்பாவப் பாத்துக்கங்க" என்று அவரிடம் சொன்னேன். முகத்தைப் பார்த்துத்தான் சொன்னேன். அவர் தலையாட்டினார். பெண்கள் கழிப்பறையில் வரிசை. உள்ளே ஈரத் தரையில் சுடிதார் காலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, பையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு நாப்கின் மாற்றியதை இங்கே விவரிக்கத் தேவையில்லை. படிக்கிறவர்களில் பாதிப் பேருக்குத் தெரியும்.

வெளியே வந்தபோது துப்புரவுப் பணியாளர் ஒருவர் பாப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றிருந்தார். பிள்ளை அழுது அழுது விக்கிக்கொண்டிருந்தாள். நாத்தனார் மகன் சறுக்கில் வருவதை இவர் போனில் படம் எடுத்த நேரத்தில், அம்மாவைத் தேடி அவள் நடந்திருக்கிறாள். பக்கத்தில் பெரியவர்களின் குளம். அவள் கையில் நான் எழுதியிருந்த போன் எண் தண்ணீரில் அழிந்திருந்தது. "அம்மா அம்மானு அழுதுச்சு. லேடீஸ் டாய்லெட்டுக்குத்தான் போயிருப்பாங்கன்னு இங்க வந்து நின்னேன்" என்றார் அந்தப் பெண். அங்கே இருந்த அத்தனை பேரில் யோசித்துப் பார்த்தவர் அவர் ஒருவர்தான்.

அதற்குள் காவலாளி வந்தார். இவரும் மூச்சிரைக்க ஓடிவந்தார். காவலாளி எங்கள் இருவரையும் பார்த்தார். பிறகு என்னிடம் கேட்டார்: "சின்னப் புள்ளைய விட்டுட்டு எங்கம்மா போனீங்க?"

இவர் பக்கத்தில்தான் நின்றார். ஒன்றும் சொல்லவில்லை. சிறிது நேரம் கழித்து என்னிடம் மட்டும் மெதுவாகச் சொன்னார்: "நீ இன்னும் கொஞ்சம் அழுத்திச் சொல்லியிருக்கலாம்."

புறநானூற்றில் பொன்முடியாரின் பாடல் ஒன்று (312) கடமைகளைப் பங்கிடுகிறது. பெற்று வளர்ப்பது தாய்க்கு, சான்றோனாக்குவது தந்தைக்கு. கல்விக்கான பாட்டு என்று மேடைதோறும் சொல்கிறோம். எனக்கு அன்று வேறு மாதிரி புரிந்தது. வளர்ப்பதில் வரும் பழி தாய்க்கு, சான்றோன் ஆனால் வரும் பெருமை தந்தைக்கு. பங்கீடு இன்றும் அப்படியே இருக்கிறது.

'நீ சொல்லியிருக்கலாமே' என்ற வாக்கியம் உலகப் பொது வாக்கியம். பிரான்ஸில் எம்மா என்ற ஓவியர் 2017இல் இதே பொருள்படும் தலைப்பில் ஒரு படக்கதை வரைந்தார். பல நாட்டுப் பெண்கள் அதைத் தங்கள் கதையாகப் படித்தார்கள். அந்த வாக்கியத்தின் உள்ளே ஓர் அமைப்பே இருக்கிறது. சொல்கிறவள் மேலாளர், செய்கிறவர் உதவியாளர். மேலாளர் சொல்ல மறந்தால் தவறு மேலாளருடையது. சொன்னால் 'தொணதொணப்பு'. அழுத்திச் சொன்னால் 'சண்டைக்காரி'. இந்த மேலாளர் வேலைக்கு நாம் யாரும் விண்ணப்பிக்கவில்லை.

இரண்டு மறுப்புகள் வரும் என்று தெரியும். முதலாவது, "இவ்வளவு கஷ்டம்னா போகாம இருக்க வேண்டியதுதானே?" பிள்ளை மகிழ்வது எனக்கும் பிடிக்கும். குட்டி ரயிலில் அவள் ஏறி, மூன்றாவது சுற்றில் கையைவிட்டு எனக்கு டாட்டா காட்டியபோது எனக்கும் நெஞ்சு நிறைந்தது. அந்த மகிழ்ச்சியைக் காட்டித்தான் இந்த உழைப்பை நம்மிடம் வாங்குகிறார்கள். உழைப்பைப் பற்றிப் பேசினால் பிள்ளையை நேசிக்காதவள் ஆகிவிடுகிறோம்.

இரண்டாவது மறுப்பு கூர்மையானது. "நீ விட்டுக்கொடுத்தா அவர் செய்வார். எல்லாத்தையும் நீயே பிடிச்சு வச்சுக்கிட்டிருக்க." இதைப் பெண்களும் சொல்கிறார்கள். ஒருமுறை விட்டேன். மூன்று வயதில் ஒரு கல்யாணத்துக்குப் போனபோது பையை அவர் கட்டினார். மாற்று ஜட்டி இல்லை. மண்டபத்தில் அவளைப் பார்த்த பெரியம்மா அவரிடம் எதுவும் கேட்கவில்லை. "காலேஜுல வேல பாக்குற, இதக்கூடப் பாக்க மாட்டியா?" என்று என்னைத்தான் கேட்டார். அவர் மறந்தாலும் திட்டு எனக்கு என்றால், நான் பிடியை விடாமலிருப்பதில் என்ன வியப்பு? இதைக் குணக்கோளாறு என்கிறார்கள். என்னைப் பொறுத்தவரை இது தற்காப்பு.

என் பக்கத்துக் குற்றத்தையும் சொல்லிவிட வேண்டும். கிளம்பும் நாளன்று புளியோதரை கிண்டியது என் அம்மா. வீட்டுவேலைக்கு வரும் அக்கா விடிகாலையில் வந்து எல்லாம் ஒழுங்குசெய்து, நாங்கள் திரும்பும்வரை செடிக்குத் தண்ணீர் ஊற்றினார். என் சுமையில் பாதியை நான் இறக்கிவைத்தது இன்னும் இரண்டு பெண்களின் தலையில். படித்த, சம்பளம் வாங்கும் பெண்களான நாம் ஆணோடு நடத்த வேண்டிய சண்டையைக் காசு கொடுத்தோ, பாசத்தைக் காட்டியோ இன்னொரு பெண்ணிடம் தள்ளிவிடுகிறோம். என் பிள்ளையைக் காப்பாற்றிக் கொடுத்த அந்தப் பணியாளரிடம், "உங்க பிள்ளைங்க இங்க வந்திருக்காங்களா?" என்று கேட்டேன். "வெளியிலேர்ந்து பாத்திருக்காங்க" என்றார். அவர் பிள்ளைகளை அவருடைய அம்மா பார்த்துக்கொள்கிறாராம்.

ஆகவே கோரிக்கைகளை அங்கிருந்து தொடங்குகிறேன். ஐம்பதும் அதற்கு மேலும் பேர் வேலைபார்க்கும் நிறுவனம் குழந்தைக் காப்பகம் வைக்க வேண்டும் என்றது 2017ஆம் ஆண்டின் மகப்பேறு நலத் திருத்தச் சட்டம். நம் பிள்ளைகள் சறுக்கும் இடத்தைக் கழுவும் பெண்களின் பிள்ளைகளுக்குக் காப்பகம் எங்கே என்று டிக்கெட் வாங்கும்போது கேளுங்கள். குழந்தைக்குத் துணி மாற்றும் மேசையை ஆண்கள் கழிப்பறையிலும் வையுங்கள். அப்பாக்களுக்கும் கை இருக்கிறது. பெண்கள் கழிப்பறைகளின் எண்ணிக்கையைக் கூட்டுங்கள். நாப்கின் கிடைக்கட்டும். அழியாத எண் பட்டையை வாசலிலேயே பிள்ளைகளின் கையில் கட்டிவிடுங்கள். தொலைந்த பிள்ளை கிடைத்தால், "யாரோட வந்தாங்க?" என்று கேட்கக் காவலாளிக்குச் சொல்லிக்கொடுங்கள்.

வீட்டுக்கான கோரிக்கை ஒன்றே ஒன்று. 'உதவி' வேண்டாம். ஒரு வேலையை முழுதாக எடுத்துக்கொள்ளுங்கள். முன்கூட்டி உணர்வதிலிருந்து கடைசிவரை. அதில் வரும் பழியோடு சேர்த்து.

திருச்சி திரும்பியதும் இதைத்தான் சொன்னேன். ஒரு வாரம் பேச்சுவார்த்தை இல்லை. பிறகு, காலாண்டு விடுமுறைக்கு அவரே பாப்பாவைக் கூட்டிப்போவதாகச் சொன்னார். நான் வரவில்லை என்றேன். நான் ஒன்றும் சொல்லமாட்டேன் என்றும் சொன்னேன். சொல்லாமலிருப்பது எவ்வளவு கடினம் என்று அப்போதுதான் தெரிந்தது. அவளுக்கு ஐந்து வயது முடிந்துவிட்டது, இனி ரயிலில் டிக்கெட் வேண்டும் என்று நாக்கு நுனிவரை வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். மூன்று நாள் கழித்து அவரே கண்டுபிடித்தார். ஒரு நாள் ராத்திரி பதினொரு மணிக்கு, "தயிர்சாதம் எத்தனை மணி நேரம் கெடாம இருக்கும்?" என்று கேட்டார். "தெரிஞ்சவங்க யாரையாவது கேளுங்க" என்றேன். அவர் அவருடைய அம்மாவைக் கேட்டார். மகன் கேட்ட முதல் சமையல் கேள்வி அதுதான் என்று அத்தை பிறகு என்னிடம் சொன்னார்.

அவர்கள் போயிருந்த இரண்டு நாளும் தெருவில் எல்லோரும் என்னிடம் ஒன்றையே கேட்டார்கள்: "உடம்பு சரியில்லையா?" அம்மா உடம்பு சரியில்லாமல் இருந்தால் ஒழிய அப்பாவும் பிள்ளையும் தனியாகப் போகமாட்டார்கள். ரயிலில் அவரைப் பார்த்தவர்கள், "தனியாவா கூட்டிட்டுப் போறீங்க, கிரேட் சார்" என்றார்களாம். ஒரு குடும்பம் அவர்களுக்கு இட்லி கொடுத்திருக்கிறது. எனக்கு இதுவரை யாரும் ரயிலில் இட்லி கொடுத்ததில்லை.

பாப்பா ஒற்றைச் சாக்ஸோடு, மூக்கு வெயிலில் உரிந்து, ஏகப்பட்ட கதைகளோடு வந்தாள். வந்தவர் பையைக் கூடத்தில் வைத்துவிட்டு, "பை பார்த்துக்கிட்டே இருந்தேன், எதுலயும் ஏறல" என்றார். நான் ஒன்றும் சொல்லவில்லை. "ஈரத்துணியெல்லாம் பையில இருக்கு" என்று சேர்த்துக்கொண்டார்.

"சரி" என்று சொல்லிவிட்டு நான் உட்கார்ந்தே இருந்தேன். கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு அவரே எடுத்துக்கொண்டுபோய் மாடியில் காயப்போட்டார்.